மருத்துவக் கருவிக்கும் பாயிரம் வேண்டும்

கொரோனாத் தொற்று உலகை அலைக்கழித்த 2020, 2021 ஆகிய ஆண்டுகளில், விரல் நுனியைக் கவ்விக்கொண்டு இலக்கங் காட்டும் சிறு கருவியொன்றைக் காணாதார் அரியர். குருதியில் ஒட்சிசன் நூற்றுக்கு எவ்வளவு நிரம்பியிருக்கின்றது என்பதை ஊசி குத்தாமலே உரைப்பது அது. மூச்சு முட்டுவோன் வீட்டிலிருப்பதா, வைத்தியசாலைக்குச் செல்வதா, சென்றாற் கட்டில் பெறுவானா, பெறானா என்பவற்றை அந்நாளிலே பலவிடங்களில் அவ்விலக்கமே தீர்த்தது. தொண்ணூற்றாறு என்றால் ஆறுதல். எண்பத்தெட்டு என்றால் அச்சம். ஒரு நீதிபதியைப் போல அது விரலில் அமர்ந்திருந்தது.

அந்த நீதிபதி எல்லார்க்கும் ஒருபடித்தாகத் தீர்ப்புக் கூறினாரா என்பதே ஈண்டு ஆராயற்பாலது.

கருவியின் தொழிற்பாடு விளங்குதற்கு அரியதன்று. அதன் ஒரு தாடையிலிருந்து இருவகை ஒளி விரலினூடே செல்கின்றது. ஒன்று கண்ணுக்குப் புலனாகும் செவ்வொளி. மற்றையது கண்ணுக்குப் புலனாகாத செந்நிறக்கீழ் ஒளி. ஒட்சிசன் ஏற்ற குருதியும் ஒட்சிசன் இழந்த குருதியும் இவ்விரண்டையும் வெவ்வேறளவில் உறிஞ்சும். எதிர்த் தாடைக்கு வந்து சேரும் ஒளியை, நாடி துடிக்குந்தோறும் அளந்து, இரண்டிற்குமுள்ள விகிதத்தைக் கருவி கணிக்கின்றது. 1974 இல் யப்பானியப் பொறியியலாளர் தாக்குவோ அவோயாகி வெளியிட்ட நெறி இது. மிக நுட்பமான நெறி, ஐயமில்லை. ஆனால் விகிதம் தானே நூற்றுவீதம் ஆகிவிடாது. நலமுள்ள மாந்தர் சிலரை ஒட்சிசன் குறைந்த வளியைச் சுவாசிக்கச் செய்து, அவர்தம் நாடிக் குருதியை எடுத்துச் சோதித்து, இன்ன விகிதத்துக்கு இன்ன நூற்றுவீதம் என்று முன்னரே ஓர் அட்டவணை வகுத்துக் கருவியினுள் வைத்திருப்பர்.

அந்த 'மாந்தர் சிலர்' யாவர்? இவ்விடத்திலேதான் அறம் வந்து புகுகின்றது. தோலுக்குக் கருமை தரும் பொருளும் ஒளியை உறிஞ்சுவதன்றோ?

2020 டிசம்பரில், அமெரிக்காவின் மிசிக்கன் பல்கலைக்கழகத்து வைத்தியர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டனர். கருவி தொண்ணூற்றிரண்டு முதல் தொண்ணூற்றாறு வரை காட்டிய வேளைகளை எடுத்து, அவ்வேளைகளில் நாடிக் குருதியை நேரே சோதித்துக் கண்ட அளவோடு ஒப்பிட்டனர். உண்மையில் எண்பத்தெட்டுக்குங் கீழே வீழ்ந்திருந்தும் கருவி 'நலம்' என்று சொன்ன அளவீடுகள் வெள்ளையரிடத்து நூற்றுக்கு 3.6, கறுப்பினத்தாரிடத்து நூற்றுக்கு 11.7. ஏறக்குறைய மூன்று மடங்கு. இது புதிதாகத் தெரியவந்த குறை என்று சொல்வதற்குமில்லை. 1990 இலேயே இக்குறையைக் காட்டிய ஆய்வொன்று வெளிவந்திருந்தது. இடையிலே முப்பது ஆண்டுகள். 2013 இல் அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் வகுத்த வழிகாட்டலின்படி, சோதனைக்குட்படுவோருள் கருந்தோலினர் இருவர், அல்லது நூற்றுக்குப் பதினைவர், இவற்றுள் எது பெரிதோ அது இருந்தாற் போதும். பத்துப் பேரைச் சோதித்தால் இருவர்! அவ்விருவர் விரலிலே உலகத்துக் கருந்தோலினர் அனைவரும் அடங்கினர். அவ்விதியைத் திருத்தும் வரைவு வெளிவந்தது 2025 ஜனவரியில்.

மிசிக்கனார் கண்ட எண்ணை அப்படியே எம்மவர்க்குப் பொருத்துதல் முறையன்று. எம்மிடையே நிறம் பலவகை. ஆனால் வினா எம்முடையதுமாகும். வெயிலில் உழைத்துக் கறுத்துக் காய்ப்பேறிய விரலுடையார் எம்முள்ளே எத்தனை பேர்!

தமிழிலே நூல் செய்வார்க்கு ஒரு நியதி உண்டு. நூலின் வாயிலிலே பாயிரம் நிற்றல் வேண்டும். சிறப்புப் பாயிரம் உரைக்கவேண்டிய எட்டினை நன்னூலார் வகுத்துள்ளார். ஆக்கியோன் பெயர், நூல் வந்த வழி, வழங்கும் எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள் என்பன ஆறு. எஞ்சிய இரண்டு கேட்போரும் பயனும். மாணாக்கர் இவற்றைப் பரீட்சைக்கு மனனஞ் செய்து, பரீட்சை முடிந்த மாலையே மறந்துவிடுவர். அது கிடக்க. ஒரு நூல் யாரை நோக்கிச் சொல்லப்படுகின்றது என்பதை நூலினுள்ளே புகுமுன்னரே அறிவித்தல் வேண்டும் என்று எம் முன்னோர் கொண்டது ஊன்றி நோக்கற்பாலது. கேட்போரை முதலிலே துணியாதவன் சொல்லும் முறையைத் துணிய மாட்டான்.

விரற் கருவியைச் செய்தார்க்கு ஆக்கியோன் பெயர் தெரியும். உரிமைப் பத்திரத்திலே அது முன்னிற்கும். வந்த வழி தெரியும். ஒளியியல், உடற்றொழிலியல் என்று அதுவும் எழுதப்படும். பயன் விளம்பரத்திலேயே உண்டு. கேட்போர் எங்கே? எந்த நிறத்து விரல், எந்த வயதினர் விரல் என்னும் வினாவை முற்றவும் கேட்டார் இலர். அவர் தீயவர் என்பது என் கருத்தன்று. தம்முன் நீட்டப்பட்ட விரல்களையே உலகத்து விரல்கள் என்று கொண்டனர், அவ்வளவே. அக்கூடத்தில் கருந்தோல் நோயாளி ஒருவரும் கருந்தோல் தாதி ஒருவரும் முதல் நாளே அமர்ந்திருந்தால், 'என் விரலுக்கும் இது பொருந்துமா?' என்ற கேள்வி முப்பது ஆண்டு காத்திராது.

'பொதுமக்களைக் கேட்டுக் கருவி செய்வதாவது! அவர் அலைநீளத்தைக் கண்டாரா, அணுவைக் கண்டாரா?' என்று நகைப்பார் உளர். கற்றாரிலேயே உளர். அவர் கூற்றிற் பாதி உண்மையுண்டு. அலைநீளத்தை வாக்கெடுத்துத் துணிய இயலாது. ஆயின் ஒரு மருத்துவக் கருவியினுள் அலைநீளம் மாத்திரமா அடங்கியிருக்கின்றது? எவ்வளவு பிழை பொறுக்கத்தக்கது, அப்பிழை யார் தலையில் விழலாம், விலை யார்க்கு எட்டவேண்டும், பழுதுற்றால் யார் திருத்துவது, நோயாளியைப் பற்றிய குறிப்பு யார் கைக்குப் போகலாம் என்னும் துணிபுகளும் அதனுள்ளே வார்க்கப்பட்டிருக்கின்றன. இவற்றுள் ஒன்றும் பௌதிக நூலிற் காணப்படுவதன்று. இவற்றிலே பொறியியலாளருக்கு உள்ள வாக்குரிமைதான் கடற்றொழிலாளிக்கும் உண்டு. வள்ளுவர் மருந்தின் கூறுகள் நான்கினைச் சொல்லப் புகுந்தபோது நோயாளியை முதலிலும் வைத்தியனை அடுத்தும் வைத்தார். யாப்புக் கருதி அவ்வாறு வைத்தார் என்று ஒருவர் வாதிக்கலாம். வாதிக்கட்டும், நோயாளியை ஒரு கூறாக எண்ணினார் என்பதையாவது மறுக்க முடியாது.

கேட்டுச் செய்த கருவியும் உலகில் உண்டு. அதன் கதை எமக்கு அயலதுமன்று.

1960 களின் பிற்பகுதியில், இந்தியாவின் ஜெய்ப்பூர் நகரத்துச் சவாய் மான்சிங் வைத்தியசாலையில் எலும்பியல் வைத்தியராக இருந்தவர் பி. கே. சேதி. கால் இழந்தோர்க்கு அக்காலத்திற் கிடைத்த செயற்கைப் பாதம் மேனாட்டார் வகுத்தது. அதன் கணுப் பகுதி விறைத்தது. சப்பாத்தினுள்ளே மறைந்திருப்பதற்காகவே அமைந்தது. கதிரையில் அமர்ந்து, மேசையில் உண்டு, பாவிய வீதியில் நடப்பவனை எண்ணிச் செய்யப்பட்டது. அதைப் பெற்ற இராசத்தான் உழவர் சிலநாள் அணிந்துவிட்டு மூலையிற் போட்டனர், ஊன்றுகோலுக்கே திரும்பினர். நன்றியறியாதார் என்று அவரை வைதிருக்கலாம். அப்படி வைபவர் எக்காலத்தும் உண்டு. சேதி அவ்வாறு செய்யாது, ஏன் எறிந்தனர் என்று பார்த்தார். அக்காலோடு குந்தியிருக்க முடியாது. சம்மணங்கூட்ட முடியாது. சேற்று வயலிலே சப்பாத்து உதவாது. கோயிலிலும் வீட்டினுள்ளும் சப்பாத்தோடு புக இயலாது. கால் கிடைத்தது, வாழ்க்கை கிடைக்கவில்லை.

அவ்வைத்தியசாலையிலே இராமசந்திர சர்மா என்னும் கைவினைஞர் இருந்தார். பள்ளிப்படிப்புக் குறைந்தவர், கைத்திறன் நிறைந்தவர். றப்பரைச் சூட்டிலே பதப்படுத்தி டயர் திருத்தும் தொழிலிலிருந்து அவர் தமது முறையைக் கண்டார் என்பர். உள்ளே மரமும் மென்றப்பரும், வெளியே உழைப்புத் தாங்கும் வன்றப்பரும் அமைய, பாதத்தின் உருவும் தோலின் நிறமும் கொண்டு, கணுவிடத்து எப்பக்கமும் வளையும் பாதமொன்று பிறந்தது. வெறுங்காலாக நடக்கலாம், குந்தலாம், நீரில் இறங்கலாம். சேதிக்கு 1981 இல் மகசேசே விருது கிடைத்தது. எம் நாட்டுப் போரிலும் நிலக்கண்ணிகளிலும் கால் இழந்தார் பலர்க்கு யாழ்ப்பாணத்திலேயே ஜெய்ப்பூர்க் கால் பொருத்தப்பட்டமையை இப்பத்திரிகையின் வாசகர் அறிவர். குறை இல்லாத கால் அன்று அது. கையாற் செய்வதாதலின் செய்யுங் கைக்கேற்பத் தரம் வேறுபடும் என்று வல்லுநர் குறை கூறியுள்ளனர். அதையும் மறைத்தல் ஆகாது.

'எப்படி இருக்கிறாய்?' என்ற வினாவுக்கு எம்மூர் வழக்கில் இருபொருள் கொள்ளலாம். நலந்தானா என்பது ஒன்று. எவ்வாறு அமர்கின்றாய் என்பது மற்றொன்று. வைத்தியர் முன்னதைக் கேட்பர். ஜெய்ப்பூரிலே பின்னதையுங் கேட்டார்கள். கருவி மாறிவிட்டது.

இனி, மக்களைக் கேட்டல் என்பது எந்நிலையிலுங் கேட்டாற் போதும் என்று கொள்ளற்க. மக்களை அழைத்துத் தவறான வினாவை அவர் கையிற் கொடுத்தலும் உண்டு. அதற்கு அமெரிக்காவின் சியற்றில் நகரமே சான்று.

சிறுநீரகம் செயலிழந்தார்க்குக் குருதியைப் பொறியினூடே ஓடவிட்டுத் தூய்மை செய்யும் முறை முன்னரும் இருந்தது. ஆனால் ஒவ்வொரு முறையும் குருதிக் கலனைப் புதிதாக அறுக்கவேண்டியிருந்தமையின், தீரா நோயாளர்க்கு அது உதவவில்லை. 1960 மார்ச்சில் வாஷிங்டன் பல்கலைக்கழக வைத்தியர் பெல்டிங் ஸ்கிறிப்னர், கையிலுள்ள நாடியையும் நாளத்தையும் இணைத்து நிலையாக இருக்கத்தக்க வழுவழுப்பான சிறு குழாயைப் பயன்படுத்தினார். சாவது திண்ணம் என்றிருந்தவர் ஆண்டுக்கணக்கில் வாழலாயினர். 1962 ஜனவரியில் சியற்றிலிலே செயற்கைச் சிறுநீரக நிலையம் திறக்கப்பட்டது. இடமோ சில பேருக்கே. வேண்டினோரோ பலர். யாரை ஏற்பது, யாரை விடுவது?

வைத்தியர் அப்பழியைத் தாமே சுமக்க விரும்பவில்லை. எழுவர் கொண்ட குழுவொன்று அமைந்தது. சட்டத்தரணி, மதகுரு, வங்கியாளர், இல்லத்தரசி, அரச அலுவலர், தொழிற்சங்கத் தலைவர், சத்திரசிகிச்சை வைத்தியர். அவர் பெயர்கள் மறைக்கப்பட்டன. வைத்தியர் தெரிந்தனுப்பிய நோயாளருள் யார் வாழ்வது என்று அவர் துணிந்தனர். வயது, மணமானவரா, மக்கள் எத்தனை பேர், வருமானம், தொழில், தேவாலயத்துக்குப் போகும் பழக்கம் யாவும் நிறுக்கப்பட்டன. 1962 நவம்பரில் 'லைஃப்' சஞ்சிகை இதனை வெளிப்படுத்தியபோது நாடு திடுக்கிட்டது. தம்மைப் போன்றாரையே அக்குழுவினர் காத்தனர் என்று பின்வந்தோர் குறை கூறினர். அக்குறை நியாயமானதே. ஆனால் அந்த எழுவர்மேல் எனக்கு இரக்கமே மிகுதி. அவர் முன் வைத்த வினா 'யார்?' என்பது. 'எவ்வகைப் பொறி?' என்று அவரை ஒருவருங் கேட்கவில்லை.

அக்கேள்வியே மெய்யான அறக் கேள்வி என்பதை அதே நகரம் விரைவிற் காட்டியது. சிறுவயதினரை ஏற்பதில்லை என்ற விதியினாலே அக்குழு ஓர் இளம்பெண்ணை விலக்கிவிட்டது. அவள் தந்தையின் நண்பர் அல்பேட் பப் என்னும் அணுப் பொறியியற் பேராசிரியர். அவரும் அவருடைய துணைவரும் நான்கு மாதத்தளவில், வீட்டிலேயே வைத்துப் பயன்படுத்தத்தக்க சிறு பொறியொன்றைச் செய்தனர். 1964 இல் அப்பெண் தன் வீட்டிலே சிகிச்சை பெறலானாள். பொறியின் வடிவம் மாறியதும் எழுவர் முன் இருந்த 'வாழ்வா சாவா' என்ற வினா அவளளவில் அற்றுப்போயிற்று. 1972 இல் அமெரிக்கக் காங்கிரசு சட்டமியற்றி இச்சிகிச்சைச் செலவை ஏறக்குறைய எல்லார்க்கும் அரசே ஏற்கச் செய்தது. குழுவுக்கு வேலை இல்லாதாயிற்று. பத்தாண்டு முன்னரே அந்த எழுவரையும், அவரோடு நோயாளர் சிலரையும் பப் போன்றாரின் மேசையருகே இருத்தியிருந்தால் எத்தனை உயிர் எஞ்சியிருக்கும் என்று எண்ணாதிருக்க முடியவில்லை.

இங்கிலாந்திலே நிகழ்ந்தது வேறொரு வகை. குடும்ப வைத்தியரிடமுள்ள நோயாளர் குறிப்புகளை ஒரே களஞ்சியத்திற் சேர்க்கும் திட்டம் முற்ற வகுக்கப்பட்டபின், 2014 ஜனவரியில் வீடுதோறும் ஒரு துண்டுப்பிரசுரம் இட்டனர். விருப்பமில்லாதார் விலகிக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. பலர் அத்தாளைக் கண்டதே இல்லை என்றனர், கண்டவர் ஐயுற்றனர். அடுத்த மாதமே திட்டம் நிறுத்திவைக்கப்பட்டு, 2016 இற் கைவிடப்பட்டது. நற்பயன் தரக்கூடிய திட்டமே. விருந்து சமைத்து இலையிலும் படைத்துவிட்டு, 'உமக்கு என்ன ஒவ்வாது?' என்று கேட்டாற் போல ஆயிற்று. டென்மார்க்கு நாட்டார் 1987 தொட்டு, பாமர மக்களுட் பதினைவரளவினரைத் தெரிந்து, பொருளைக் கற்பித்து, வல்லுநரை அவர் வினாவச் செய்து, அவர் எழுதும் முடிபைப் பாராளுமன்றத்தார் காண வைத்தனர். 1989 இல் மனித மரபணுவைப் பற்றியும் அவ்வாறே கேட்டனர். நல்ல முறை. ஆயினும் அங்கும் அதனை நடத்திய சபைக்கு அரசு மானியத்தை நிறுத்தத் துணிந்தது 2011 இல்.

இனித் தமிழாசிரியன் என்ற முறையில் ஒன்று சொல்லவேண்டும். கேட்டல் என்பது விளங்கும் மொழியிற் கேட்டல். அண்மையில் எம்மூர்ப் பக்கத்து வைத்தியசாலை ஒன்றிலே, ஆராய்ச்சிக்கு இசைவு பெறும் தாளொன்றைக் காண நேர்ந்தது. 'பங்குபற்றுநரின் தரவுகள் அநாமதேயமாக்கப்பட்டு இரண்டாம்நிலைப் பயன்பாட்டுக்கு உட்படுத்தப்படுவதற்குத் தகவலறிந்த ஒப்புதல் இத்தால் வழங்கப்படுகின்றது' என்று இருந்தது. கடுந்தமிழ் எழுதும் பண்டிதன் இதைச் சொல்லலாமா என்று நகைப்பார் நகைக்க. இலக்கியக் கட்டுரை விளங்காவிட்டால் வாசகன் பக்கத்தைப் புரட்டிவிடுவான், அவனுக்கு இழப்பில்லை. இத்தாளின் கீழே ஒரு மூதாட்டி பெருவிரல் ஒற்றுகின்றாள். 'உங்கள் நோயைப் பற்றி எழுதிவைத்தவற்றை, உங்கள் பெயரை எடுத்துவிட்டு, வேறு ஆராய்ச்சிக்கும் கொடுப்போம். விருப்பமில்லையென்றால் இல்லை என்று சொல்லுங்கள், வைத்தியம் நிற்காது' என்று எழுதினால் மருத்துவம் தாழ்ந்துவிடுமா? எம் நாட்டிலும் வைத்தியசாலைக் குறிப்புகள் கணினிக்கு ஏறிக்கொண்டிருக்கின்றன. 2022 இல் ஆளுக்குரிய தரவுகளைப் பாதுகாக்கும் சட்டமும் நிறைவேறியிருக்கின்றது. சட்டம் தரும் உரிமையை இந்தத் தமிழ் பறித்துக்கொள்ளலாகாது.

தமிழுக்கு ஆற்றல் இல்லை என்று சொல்வதற்கு எவர்க்கும் இடமில்லை. யாழ்ப்பாணத்தார்க்கு அறவே இல்லை. 1847 இல் இங்கு வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயிலிருந்து மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்தார், தமிழறிந்த மாணாக்கர் துணையோடு வைத்திய நூல்களைத் தமிழாக்கினார், கலைச்சொற்களை வகுத்தார். நூற்றைம்பது ஆண்டுக்கு முன் உடற்கூற்றைத் தாங்கிய மொழி, இன்று ஓர் இசைவுத் தாளைத் தாங்காதா?

ஐரோப்பிய ஒன்றியத்தார் 2004 இல் தம் சட்டத்தைத் திருத்தி, மருந்தோடு வரும் விளக்கத் தாளை நோயாளரிடங் காட்டி, அவர்க்கு விளங்குகின்றதா என்று பார்த்தே அமைக்கவேண்டும் என்றனர். இங்கும் புதிய கருவியோ கணினி முறையோ புகுத்துமுன், அதன் வரைவை ஊர் வாசிகசாலை ஒன்றிலே வாசித்துக் காட்டலாம். விளங்காத சொல்லுக்குக் கோடிட எம் உயர்தர வகுப்பு மாணவரே போதும். கருவியின் குணங்குற்றங் கூற, கால் இழந்தவர் ஒருவர், நீரிழிவுடன் வாழும் மூதாட்டி ஒருவர், கடற்றொழிலாளி ஒருவர், தோட்டத் தொழிலாளி ஒருவர், இரவுக் கடமை பார்க்கும் தாதி ஒருவர் வேண்டும். இவர்களை ஒருநாள் அழைத்துப் படம் பிடித்து அனுப்பிவிடாது, வரைவு நிலையிலும் மாதிரிக் கருவி செய்யும் நிலையிலும் மீண்டும் மீண்டும் அழைக்கவேண்டும். அவர்க்குப் பஸ் கட்டணமும் அன்றைய நாட்கூலியும் கொடுத்தல் வேண்டும். கூலி இழந்து வந்திருப்பவர் வாய் திறக்குமுன் மணிக்கூட்டைப் பார்ப்பார்.